மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் பம்பு வாங்க வேண்டாம்

வணக்கம் தம்பி. புதுச்சேரியிலிருந்து பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவுக்கு வந்த கையோடு வாங்கிய பழைய பெட்ரோல் காரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிவதாகவும், ஸ்கேனர் P0411 என்ற பழுது எண்ணைக் காட்டியதும் காராஜில் காற்றுப் பம்பை மாற்றச் சொன்னதாகவும், அடுத்த மாதம் கொந்த்ரோல் தெக்னிக் (கட்டாய வாகனத் தகுதிச் சோதனை) இருப்பதால் உடனே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்த எண், காற்று போக வேண்டிய அளவில் போகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. பம்பு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை.

ஊரில் நாம் ஓட்டிய சிறிய கார்களில் பெரும்பாலும் இல்லாத உறுப்பு இந்தக் காற்றுப் பம்பு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் ஒன்று, ஒன்றரை நிமிடம் மட்டும் ஓடிப் புகைக்குழாய்க்குள் வெளிக்காற்றைச் செலுத்தும். எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி அங்கேயே எரிந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை விரைவில் சூடாக்கும். ஆகவே இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் கிளப்பி, பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். வாக்குவம் கிளீனர் போன்ற இரைச்சல் கேட்டால் பம்பு உயிரோடிருக்கிறது; ஹோஸ் வெடித்திருக்கிறதா, பம்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவிலுள்ள வால்வு திறக்காமல் இருக்கிறதா என்று தேடுங்கள். சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே இரண்டையும் பார்த்த பிறகு, பம்பின் பிளக்கைக் கழற்றிப் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுழலாவிட்டால்தான் புதிய பம்பு.

நான் முதல்முறை பம்பை மட்டும் மாற்றினேன். ஓராண்டுக்குள் அதுவும் நின்றது. கழற்றிச் சாய்த்தபோது துருநிறத் தண்ணீர் உள்ளங்கையில் வழிந்தது. மழைநீர் என்றே முதலில் நினைத்தேன். உண்மையில், வேலை முடிந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய வால்வு சரியாக மூடாததால், புகையிலுள்ள நீராவி ஹோஸ் வழியே திரும்பி வந்து பம்புக்குள் தேங்கியிருந்தது. உங்கள் ஹோஸைக் கழற்றும்போது உட்புறம் கரியோ ஈரமோ தென்பட்டால், வால்வையும் அதன் கேஸ்கெட்டையும் பம்போடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கொந்த்ரோல் தெக்னிக்கில் புகையளவைச் சூடான என்ஜினில்தான் எடுப்பார்கள். அந்நேரம் பம்பு ஓடாது என்பதால் என் கார் அளவில் தேறியது, ஆனால் விளக்கு எரிந்ததால் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அதற்கு 2 மாத அவகாசம் உண்டு. முதல்நாள் இரவு ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம் என்று யோசனை சொல்பவர்கள் இங்கும் உண்டு. பழுது தீராதவரை சில காலைகளில் அது மீண்டும் எரியும்.

உதிரிப்பாகம் பெரும்பாலும் பிரான்சிலிருந்து வர வேண்டும், அதன்மேல் ஒக்த்ருவா தெ மேர் என்ற தீவுக்குள் வரும் பொருள்களுக்கான வரியும் சேரும். தவறான பாகம் வந்தால் நாளும் பணமும் வீண். எனவே கார்த் கிரீசில் (வாகனப் பதிவுச் சான்றில்) 'E' என்ற இடத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள்.