அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தில் கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலையை நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் ஆரம்ப வருடங்களில் நல்ல சம்பளம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் கல்லூரி அணியில் கோல்கீப்பராக ஆடியவர்கள். முதுகலை படித்துக்கொண்டே ஒரு அணியில் உதவியாளராகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைப்பதுண்டு. அதற்கு அடுத்த படிதான் நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் உயர்மட்டமான முதல் பிரிவில், தலைமைப் பயிற்சியாளரைத் தவிர இரண்டு உதவியாளர்களுக்குத்தான் அப்போது சம்பளம். மூன்றாமவர் தன்னார்வலர். பல அணிகளில் அந்தச் சம்பளமில்லாத இடம் கோல்கீப்பர் பயிற்சியாளருக்குத்தான் போனது. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2023 ஜூலையில் அந்தத் தன்னார்வலர் பதவியை நீக்கிவிட்டார்கள். இப்போது மூன்றாவது உதவியாளருக்கும் சம்பளம் தரலாம். எவ்வளவு என்பது கல்லூரியின் கையில்.

வேலை மைதானத்தோடு முடியாது. எதிரணியின் கார்னர், பெனால்டி பழக்கங்களை வீடியோவில் பார்க்க வேண்டும். பள்ளி மாணவிகளின் ஆட்டங்களைப் பார்க்க ஊர் ஊராகப் போக வேண்டும். இதையெல்லாம் விடக் கடினமானது ஒன்று உண்டு. அணியில் மூன்று, நான்கு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். களத்தில் நிற்பது ஒருத்திதான். சீசன் முழுக்க பெஞ்சில் இருக்கப்போகிறவளையும் தினமும் முழு மனதோடு பந்துக்குப் பாய வைக்க வேண்டும். நல்ல பயிற்சியாளரை அங்கேதான் அடையாளம் காணலாம்.

சீசன் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரைதான். மற்ற மாதங்களில் கிளப் அணிகள், கோடை முகாம்கள் கைகொடுக்கும். கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கான யுனைடெட் சாக்கர் கோச்சஸ் அமைப்பின் கோல்கீப்பிங் டிப்ளமாவை முதலிலேயே முடித்து வையுங்கள்.