ஒப்பீட்டுக் கேள்விகளில் மதிப்பெண் போகிறதா?

மாக் டெஸ்டில் மகளுக்கு ஆங்கில இலக்கண மதிப்பெண் குறைகிறதே என்று கவலைப்படுகிறீர்களா? அவள் தவறவிட்ட கேள்விகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒப்பிடும் சொல்லான 'தேன்' (than) வரும் வாக்கியங்களிலேயே தவறு திரும்பத் திரும்ப வந்தால், பயப்பட ஒன்றுமில்லை. பழக்கத்தால் சரியாகிவிடும் பிழைதான் அது.

'நரியின் வால் முயலைவிட நீளம்' என்று நாம் சொன்னால், வாலை வாலோடுதான் ஒப்பிடுகிறோம் என்று கேட்பவரே புரிந்துகொள்வார். அதே போக்கில் 'தி டெயில் ஆஃப் எ ஃபாக்ஸ் இஸ் லாங்கர் தேன் எ ரேபிட்' என்று எழுதினால் தேர்வில் தவறு. அங்கே வால், முழு முயலோடு ஒப்பிடப்படுகிறது. 'தேன் தட் ஆஃப் எ ரேபிட்' என்பதே சரி. விடைகளில் 'தோஸ் ஆஃப் எ ரேபிட்' என்றும் ஒன்று கொடுத்திருப்பார்கள். வால் ஒருமை, 'தோஸ்' பன்மை, அடித்துவிடலாம். 'தட் ஆஃப்' போட்டபின் 'ரேபிட்' மேல் அபாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் சேர்த்த விடைதான் பலரைக் கவிழ்ப்பது. உடைமையை இரண்டு முறை சொல்வதால் அதுவும் தவறு.

'தேன்', 'ஆஸ்', 'லைக்', 'அன்லைக்' கண்ணில் பட்டதும் நிற்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் எது, அது எதோடு ஒப்பிடப்படுகிறது? நடுவே நீளமாக ஒரு துணைவாக்கியம் இருந்தால் அதைத் தாண்டிப் படிக்க வேண்டும். கவனம் சிதறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது 'அதர்'. 'ஜூபிடர் இஸ் லார்ஜர் தேன் எனி பிளானட் இன் தி சோலார் சிஸ்டம்' என்பது தவறு. வியாழனும் அந்தக் கோள்களில் ஒன்றாயிற்றே! 'எனி அதர் பிளானட்' என்று வர வேண்டும். 'மோர் பெட்டர்' ('பெட்டர்' மட்டும் போதும்), 'சீனியர் தேன்' ('சீனியர் டு' என்பதே சரி) போன்ற பிழைகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

எந்தத் தேர்வு என்பதையும் பாருங்கள். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் இப்போது வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. அதற்காகப் பழைய புத்தகத்தை உருப்போடுவது வீண். ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபல் ஐடிபியின் (லெவல் 1) இலக்கணப் பகுதியில் 25 நிமிடத்தில் 40 கேள்விகள் வரும், யோசிக்க நேரமிருக்காது. அதற்குக் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். இன்னொரு ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால், எழுத்துத் தேர்வின் முதல் பணியில் வரைபடத்தை விவரிக்கும்போது ஒப்பீடு இல்லாமல் முடியாது. எனவே விடையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியைவிட, தினமும் ஒரு வரைபடத்தைப் பார்த்து ஐந்து ஒப்பீட்டு வாக்கியங்கள் எழுதுவதே அவளுக்கு உதவும்.