குரோம் புதிய பதிப்புதான், ஆனாலும் பழைய ஐபோனில் மட்டும் சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கொடுத்த 100டிவிஎச் (100dvh, திரையில் அப்போது தெரியும் பகுதியின் முழு உயரம்) வேலை செய்யவில்லையே, ஏன்?

பெயர்தான் ஒன்று, உள்ளே ஓடும் எஞ்சின் (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி) வேறு. ஆண்ட்ராய்டு குரோமில் இருப்பது பிளிங்க். ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எதைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான். (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு.) அந்த வெப்கிட் ஐஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வரும். அதனால் குரோமை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை.

டிவிஎச் அலகு ஐஓஎஸ் 15.4-இல்தான் வந்தது, 2022 மார்ச்சில். அதற்கு முந்தைய ஐஓஎஸ் உள்ள போன் அந்த வரியைப் புரியாமல் அப்படியே தள்ளிவிடும். உயரமே இல்லாமல் பெட்டி சுருங்கிவிடும். நீங்கள் பார்ப்பது இதுதான்.

தீர்வு சுலபம். முதல் வரியில் உயரம் 100விஎச் (100vh, பழைய உயர அலகு), அதற்கு அடுத்த வரியில் 100டிவிஎச் என்று எழுதுங்கள். தெரிந்த பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது முதல் வரியோடு நின்றுவிடும். வரிசையை மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் எல்லாப் போனிலும் விஎச்தான் ஜெயிக்கும்.

அப்புறம், பிரவுசர் பெயரைப் பார்த்து நிரலைப் பிரிக்கவே வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த வசதி இருக்கிறதா என்று சிஎஸ்எஸ்ஸின் சப்போர்ட்ஸ் (@supports) விதியைக் கேளுங்கள்.