52 வயதில் வேலை போகும்போல இருக்கிறது, எப்படித் தயாராவது?

கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் 19 வருடம், அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபா, இப்போது ஆட்குறைப்புப் பேச்சு, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்பு என்று உங்களை நிறுத்த, உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 'நானாகவே விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கையை விட்டுப் போய்விடும். சந்தேகமென்றால் நாரஹேன்பிட்டவில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்கு நேரே போய்க் கேளுங்கள்.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் தொகை, வேலை செய்த வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் கணக்கில் 60,000 பெருக்கல் 19, அதாவது 11 இலட்சத்து 40,000 ரூபா. ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) பணத்தை விலகியதும் கேட்கலாம். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) பணம் ஆண்களுக்கு 55 வயதில்தான். அதுவரையான 3 வருடத்தைக் கடக்கத்தான் பணிக்கொடையும் ஈ.ரி.எப். காசும். கடனட்டை நிலுவையைச் சம்பளம் வரும்போதே அடைத்துவிடுங்கள், புதிதாக லீசிங் எதுவும் எடுக்க வேண்டாம்.

மனசுதான் பெரிய பாடு. எங்கள் பெரியண்ணாவுக்கு வேலை போனபோது மூன்று கிழமை வீட்டில் சொல்லவில்லை. காலையில் சேர்ட் அயன் பண்ணிப் போட்டு, அண்ணி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலோடு வெள்ளவத்தைக் கடற்கரையில் போய் இருந்திருக்கிறார். தெரிய வந்த அன்று அண்ணி அழுதது வேலைக்காக இல்லை, அந்த மூன்று கிழமைக்காக.

இன்றிரவே மனைவியோடு இருந்து, சம்பளத் துண்டையும் செலவுக் கொப்பியையும் சேர்த்துப் பாருங்கள்.