டிசம்பர் அன்பளிப்பு: பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

பாலக்கோட்டிலிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடும்பத்தோடு வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கவிருக்கும் நீங்கள், ஊரில் தீபாவளிக்குத் தபால்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், தெருக்கூட்டும் அம்மா என்று எல்லாருக்கும் பலகாரத்தோடு கொஞ்சம் பணமும் கொடுத்துப் பழகியிருப்பதாகவும், இங்கே டிசம்பரில் அதே போன்ற வழக்கம் உண்டென்று அலுவலகத்தில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு, எவ்வளவு, எந்த விதமாகக் கொடுப்பது, பணமாக நீட்டினால் தவறாக எடுத்துக்கொள்வார்களா என்பது உங்கள் கேள்வி. நானும் காவேரிப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், உங்கள் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் என்ன வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த மனிதருக்குச் சம்பளம் தருவது யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அரசாங்கமா, நகராட்சியா, தனியார் நிறுவனமா, அல்லது நீங்களேவா என்பதைப் பொறுத்துத்தான் அவர் எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கினால் அவர் வேலைக்கே தொல்லை வரும் என்பது முடிவாகிறது. நம் ஊரில் கொடுப்பவர் மனசைப் பார்ப்போம். இங்கே வாங்குபவரின் வேலை விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தபால்காரரிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கத் தபால் துறை ஊழியர் மத்திய அரசின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்கு மேற்படாத பொருளை அவர் வாங்கிக்கொள்ளலாம்; ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஓர் ஆண்டில் வாங்குவது மொத்தம் 50 டாலரைத் தாண்டக் கூடாது. ரொக்கமாக ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. காசோலையும் கூடாது, காசாக மாற்றிக்கொள்ளக்கூடிய அட்டையும் கூடாது. ஒரு குறிப்பிட்ட காபிக் கடையிலோ மளிகைக் கடையிலோ மட்டும் செல்லக்கூடிய 15 அல்லது 20 டாலர் பரிசு அட்டையில் தவறில்லை. நல்ல கையுறை, கம்பளிக் காலுறை, கடையில் வாங்கிய சாக்லேட் பெட்டி இவையெல்லாம் பொருத்தமானவை. உறையின் மேல் "எங்கள் தபால்காரருக்கு" என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் யாருக்கோ அனுப்ப வைத்த கடிதம் என்று நினைத்துவிடுவார். பெயர் தெரிந்திருந்தால் பெயரையே எழுதுங்கள், அதற்குத் தனி மதிப்பு உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் பெண்மணிக்கு என் மகள் தன் கையால் அவருடைய வண்டியை வரைந்து ஓர் அட்டை கொடுத்தாள். வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த அந்த வெள்ளை வண்டியின் முகப்பில், கடிதத் தட்டுக்கு மேலே, அந்த அட்டையை அவர் ஒட்டி வைத்திருந்ததைக் கோடை வரையில் பார்த்தோம்.

பனிக்காலத்தில் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. பனி பெய்து முடிந்ததும் உங்கள் படிக்கட்டையும் தபால் பெட்டியைச் சுற்றியுள்ள இடத்தையும் வாரிச் சுத்தம் செய்து, வழுக்காமலிருக்க உப்புத் தூவிவிடுங்கள். இதைத் தபால் துறையே எல்லா வீட்டாரிடமும் கேட்டுக்கொள்கிறது. நாள் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்கு உறைந்த படி எத்தனை ஆபத்து என்பதை, ஒரு முறை நீங்களே வழுக்கப் பார்த்தால் உணர்வீர்கள்.

இனி, நம் பக்கத்தவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி மாதம் செந்தூரா மாம்பழம் பழுக்கும்போது, வைக்கோலில் வைத்துப் பழுத்த பழங்களில் நல்லதாகப் பத்துப் பொறுக்கிப் பையில் போட்டு என் அம்மா தபால்காரரிடம் நீட்டுவார். "எதுக்குங்கம்மா இதெல்லாம்" என்று அவர் பின்வாங்குவார்; "பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்க" என்று அம்மா மறுபடியும் நீட்டுவார்; மூன்றாவது தடவை பை சைக்கிள் கைப்பிடியில் ஏறிவிடும். மறுப்பதும் வற்புறுத்துவதும் சேர்ந்ததுதான் அங்கே மரியாதை. இங்கே அப்படியில்லை. ஒருவர் "மன்னிக்கவும், நான் வாங்கக் கூடாது" என்று சொன்னால், அவர் கூச்சத்தால் சொல்லவில்லை, விதி இருப்பதால் சொல்கிறார். அதற்கு மேலும் கையில் திணிப்பது, வாங்கினால் வேலையில் கேள்வி வரும், மறுத்தால் உங்கள் மனம் புண்படும் என்ற இக்கட்டில் அவரை நிறுத்துகிறது. முதல் மறுப்பிலேயே சிரித்த முகத்தோடு கையை இழுத்துக்கொண்டு, வாயால் நன்றி சொல்லுங்கள். நம்மவர்கள் அன்பு மிகுதியால் இந்த இடத்தில்தான் மற்றவரைச் சங்கடப்படுத்துகிறார்கள் என்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகளின் ஆசிரியைக்கு வேறு கணக்கு. இந்த மாநிலத்தின் ஒழுக்கநெறிச் சட்டப்படி, அரசுப் பள்ளி ஆசிரியர் உட்பட எந்தப் பொது ஊழியரும் தம் பதவியின் பொருட்டுத் தரப்படும் 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாது. வகுப்புப் பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்டாமல், வகுப்பின் பெயரால் கொடுத்தால் ஓராண்டுக்கு 150 டாலர் வரை போகலாம். பெற்றோர்களில் ஒருவர் அப்படித் திரட்டுவது வழக்கம். கேட்டால் ஐந்தோ பத்தோ கொடுத்துச் சேர்ந்துகொள்ளுங்கள், அதுவே போதும். பட்டுப்புடவையோ வெள்ளிக் குங்குமச்சிமிழோ கொடுக்க நினைக்காதீர்கள். பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தருபவரை அப்படித்தான் மதிக்கத் தோன்றும், எனக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண் போடுகிறவரின் மேசையில் விலையுயர்ந்த பொருள் இருப்பதை இங்கே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

குப்பை வண்டிக்காரர்கள் விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. சில ஊர்களில் அவர்கள் நகராட்சி ஊழியர்கள், சில ஊர்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். நியூயார்க் மாநகரத் துப்புரவுத் துறையினர் அன்பளிப்பு வாங்கவே கூடாது. உங்கள் நகர அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில்களும், உடைந்த கண்ணாடியைத் தனியே கட்டி மேலே எழுதி வைப்பதும் எந்த ஊரிலும் அவர்களுக்கு உதவியாக இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குப் பத்து டாலர் காபிக்கடை அட்டை சரியான அளவு.

நீங்களே நேரடியாகச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, அங்கே பணம்தான் நல்லது. முடிவெட்டுபவருக்கு ஒரு தடவை வெட்டும் கூலி, வீடு சுத்தம் செய்ய வருபவருக்கு ஒரு நாள் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு வாரச் சம்பளம் என்பது இங்குள்ள பொதுவான வழக்கு. புதிய நோட்டுகளாக, அட்டைக்குள் வைத்துக் கொடுங்கள். உணவகத்தில் வைக்கும் டிப்ஸை இவற்றோடு சேர்க்காதீர்கள். இந்த மாநிலத்தில் பரிமாறுபவருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 6.75 டாலர்தான், பொதுவான குறைந்தபட்சக் கூலியான 15 டாலர் வரையிலான மீதி டிப்ஸிலிருந்து வருமென்ற கணக்கில் அது வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே நூற்றுக்குப் பதினெட்டு, இருபது வைப்பது கடமை.

பலகாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் சுட்டதை நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். தட்டை போன்ற நம் காவேரிப்பட்டணத்து நிப்பட்டில் கடித்த இடமெல்லாம் நிலக்கடலை இருக்கும். இங்கே நிலக்கடலை ஒவ்வாமையால் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போகும் குழந்தைகள் உண்டு, பல பள்ளிகளுக்குள் கடலையைக் கொண்டுவரவே விடமாட்டார்கள். கொடுப்பதானால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்ட, கடையில் மூடி ஒட்டிய பொட்டலமாகக் கொடுங்கள். ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுவந்து தரலாமென்றும் எண்ண வேண்டாம். பயணிகள் பெட்டியில் வரும் பழத்தை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

வாடகை, குளிர்கால உடை, கார் என்று முதல் வருடத்தில் கை இறுக்கமாகத்தான் இருக்கும். அதனால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமென்று கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள். யாரும் உங்களிடம் எதிர்பார்த்து நிற்கவில்லை. இரண்டு வரி எழுதிய அட்டை போதும், ஆனால் அந்த இரண்டு வரியில் அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: மழையில் பார்சலை உள்ளே தள்ளி வைத்தது, முதல் நாள் அழுத மகளைத் தனக்குப் பின் இருக்கையில் உட்கார வைத்தது, இப்படி. முடிந்தால் அதையே அவருடைய மேலாளருக்கும் கடிதமாக அனுப்புங்கள். எந்த விதியும் தடுக்காத அன்பளிப்பு அது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் புகார் சொல்லவே எழுதும் இடத்தில் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தால் அவருக்கு வேலையில் உண்மையாகவே உதவும்.

நன்றி தெரிவிக்கும் நாளான நவம்பர் நான்காம் வியாழனிலிருந்து புத்தாண்டு வரை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆசிரியைக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் மட்டும் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் பனி பெய்தால் பள்ளியே இருக்காது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா