கிட்டார் கேள்வி–பதில்: கில்மோர் முதல் டேவான் மிக்ஸர் வரை

இந்த முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இன்னாருடைய சவுண்ட் வேண்டும், என்ன பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டி) வாங்கலாம்?" கிட்டார் எது, ஸ்ட்ரிங் என்ன கனம், ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி) எது, வாசிப்பது வீட்டிலா மேடையிலா? இந்த நான்கையும் எழுதாமல் பெடல் பெயரை மட்டும் கேட்டால் பதில் சொல்ல முடியாது. விரல், ஸ்ட்ரிங், ஸ்பீக்கர், பெடல் என்பதுதான் முக்கியத்துவ வரிசை. பெடல் கடைசி.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் மாதிரி நீண்டு நிற்கும் லீட் வேண்டும் என்று பிக் மஃப் பெடல் வாங்கினேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிட்டார், 10 வாட் ஆம்ப். தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. கீபோர்டும் தபேலாவும் சேர்ந்தால் என் கிட்டார் காணாமல் போகிறது. பெடலில் கோளாறா? (சுங்கை சிப்புட்)

பெடலில் கோளாறு இல்லை. மிட் (நடு) அலைவரிசையைக் குடைந்து எடுப்பது பிக் மஃபின் இயல்பு. கிட்டார் குடியிருப்பதோ அந்த மிட்டில்தான். கில்மோர் அதை 100 வாட் ஹைவாட் ஆம்பில், ஒலி துளியும் கரகரவென உடையாமல் சுத்தமாக நிற்கும் நிலையில், நல்ல சத்தத்தில் வாசித்தார். அங்கே ஆம்பும் பெரிய ஸ்பீக்கர்களும் உடம்பைக் கொடுத்தன. உங்கள் சின்ன ஸ்பீக்கரில் அடியும் (பேஸ்) நுனியும்தான் (டிரெபிள்) மிஞ்சுகின்றன.

ஆம்பை க்ளீன் சேனலில் வைத்து மிடிலை 7-க்கு ஏற்றுங்கள், பேஸை 4-க்கு இறக்குங்கள். மஃபின் சஸ்டெய்ன், அதாவது கெயின் (ஒலியை உடைக்கும் அளவு), பாதியைத் தாண்ட வேண்டாம். மஃபுக்குப் பின்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் பூஜ்யத்தை ஒட்டி வைத்து ஆன் செய்தே விடுங்கள். குடைந்துபோன மிட்டை அது நிரப்பும். கில்மோரும் பிற்காலத்தில் மஃபுக்குப் பின்னால் டியூப் டிரைவர் என்ற ஓவர்டிரைவ் பெடலை இப்படித்தான் வைத்தார். டிலே (எதிரொலி தரும் பெடல்) 400 முதல் 450 மில்லிசெகண்ட், நான்கைந்து ரிப்பீட், மிக்ஸ் கால் பங்கு.

ஸ்ட்ரிங் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அவருடைய செட் 10, 12, 16, 28, 38, 48 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கனம்). மேல் மூன்றும் இழுக்க இளசு, கீழ் மூன்றும் கனம். இன்னொன்று: அவர் சுரத்தை முழுதாக இழுத்துச் சேர்த்த பிறகுதான் அசைக்கத் தொடங்குவார். போகும் வழியிலேயே அசைத்தால் எந்தப் பெடலாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கெயினைக் குறையுங்கள்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளரின் அந்தக் கண்ணாடி போன்ற க்ளீன் சவுண்டுக்கு எந்த பிக் (ஸ்ட்ரிங் மீட்டும் வில்லை) நல்லது? (லிந்தாங்)

பிக்கே வேண்டாம். அவர் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் வாசிப்பவர். ஸ்ட்ராட்டில் ஸ்விட்சை பிரிட்ஜ் பிக்கப்பும் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) நடு பிக்கப்பும் சேரும் நிலையில் வையுங்கள். ஐந்து நிலை ஸ்விட்சை ஃபெண்டர் கொடுக்கத் தொடங்கியதே 1977-ல்தான். அதற்கு முன் மூன்று நிலை ஸ்விட்சை இடையில் சிக்க வைத்துத்தான் இந்த ஒலியை எடுத்தார்கள். ஆம்ப் க்ளீன், கொஞ்சம் கம்ப்ரெஷன் (சத்தத்தைச் சமன்படுத்துவது). அவ்வளவுதான்.

கோயில் கீபோர்டு அடாப்டரை என் டிலே பெடலில் செருகினேன். ஒரு நொடி விளக்கு எரிந்தது. இப்போது உயிரே இல்லை. என்ன செய்வது? (கமுனிங்)

பெடலின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒரு கடிதமாவது இப்படி வந்துவிடுகிறது. கீபோர்டு அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், உள்முனை பாசிட்டிவ். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், உள்முனை நெகட்டிவ். நேர் எதிர். நல்ல காலமாக இருந்தால் உள்ளே பாதுகாப்புக்கு வைத்த டையோடு மட்டும் எரிந்திருக்கும். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். டையோடு விலை சில்லறைக் காசு. ஐசி (சில்லு) போயிருந்தால் செலவு வேறு.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அறுபதுகளின் பாப் யே யே இசைக் காலத்தில் தோட்டத்து இசைக்குழுவில் லீட் வாசித்தவன். ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் சவுண்டைத் திரும்ப ஒருமுறை எடுக்க வேண்டும். மகன் ஸ்ட்ராட்டும் ஒரு டிஜிட்டல் டிலேயும் வாங்கித் தந்திருக்கிறான். (கோலகங்சார்)

வணக்கம் ஐயா. பாதிச் சாமான் கையில் இருக்கிறது. ஷேடோஸ் ஒலியின் உயிர் அந்த எக்கோ. மார்வின் பயன்படுத்திய மெயாஸி எக்கோ கருவியில் பல ஹெட்டுகள் (பதிந்த ஒலியைத் திரும்ப வாசிக்கும் தலைகள்) உண்டு. ஒரே அடி வெவ்வேறு இடைவெளியில் பல முறை திரும்பி வந்து, தனித் தாளம் போல நிற்கும். ஒரே ஒரு டிலே சமமாகத் தட்டிக்கொண்டிருந்தால் அந்த நடை வராது. உங்கள் டிலேயில் மல்டி ஹெட் அல்லது டேப் எக்கோ மோட் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு டிலே வேண்டும்: ஒன்று 120 மில்லிசெகண்டை ஒட்டி, மற்றது 350-ஐ ஒட்டி. இரண்டிலும் இரண்டு மூன்று ரிப்பீட்டுக்கு மேல் வேண்டாம், டோன் மங்கலாக இருக்கட்டும். பிறகு காதுக்குச் சரியாகும்வரை சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

அவருடைய ஆம்ப், வாக்ஸ் ஏசி 15, பிறகு ஏசி 30. அந்தச் சாயலுக்கு க்ளீனில் டிரெபிளைத் தாராளமாகக் கொடுங்கள். இந்தக் காலத்து மெல்லிய 9 செட்டைக் (எண், முதல் ஸ்ட்ரிங்கின் கனம்) கழற்றிவிட்டு 11 செட் போடுங்கள், மூன்றாவது ஸ்ட்ரிங் சுற்றுக்கம்பியாக இருக்கட்டும். பழைய குண்டு ஒலி அதில்தான் இருக்கிறது. ட்ரெமலோ கம்பியை (பிரிட்ஜில் மாட்டிய, சுதியை அசைக்கும் கம்பி) உள்ளங்கையில் வைத்தபடியே வாசியுங்கள். அவர் அதை விட்டதே இல்லை. கனமான செட் பிரிட்ஜை முன்னால் இழுக்கும், அதற்குப் பின்பக்கம் ஸ்பிரிங் ஒன்று கூடுதலாக மாட்ட வேண்டியிருக்கும்.

யு2 குழுவின் தி எட்ஜ் வைக்கும் டிலே எத்தனை மில்லிசெகண்ட்? (சாலாக்)

எந்தப் பாட்டு என்று எழுதவில்லை. பாட்டின் வேகத்தைப் பொறுத்தது அது. 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள். 120 பிபிஎம் என்றால் 375, 100 என்றால் 450. டிரம்மர் வேகம் மாறினால் எல்லாம் கலைந்துவிடும் என்பதால் மேடையில் டேப் டெம்போ (காலால் தட்டி வேகம் அமைக்கும் வசதி) உள்ள டிலே வேண்டும்.

திருமண விருந்துகளுக்கு வாசிக்கிறோம். வீட்டில் அருமையாக இருக்கும் என் டிஸ்டார்ஷன், டேவானில் (மண்டபத்தில்) மிக்ஸரில் நேராகச் செருகினால் குளவிக்கூட்டைக் கலைத்தது போல் இருக்கிறது. பி.ஏ. (மண்டப ஒலிபெருக்கி) செட்காரர் சரியில்லை என்று நினைக்கிறேன். எந்த டிஸ்டார்ஷன் பெடல் மாற்றலாம்? (சுங்கை சிப்புட்)

பி.ஏ. செட்காரரைக் குறை சொல்லாதீர்கள். பெடலையும் மாற்றாதீர்கள். ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே தவறு நடக்கிறது. நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் உழைப்பு இதனால் வீணாகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் பெடலோ அதற்கு மேலும் ஏராளமான ஹார்மோனிக்ஸை (மேல்சுரங்களை) உண்டாக்குகிறது. வீட்டில் அவற்றை ஸ்பீக்கர் விழுங்கிவிடுவதால் உங்கள் காதுக்கு வருவதில்லை. பி.ஏ. ஸ்பீக்கரின் ஹார்ன் 15,000-க்கு மேலும் பாடும். நீங்கள் மிக்ஸரில் நேராகச் செருகியதும் இதுவரை யாரும் கேட்காத அந்தக் குப்பையெல்லாம் தகரக் கூரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையில் மோதித் திரும்புகிறது. குளவிக்கூடு அதுதான்.

மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்கள் ஒரே பெட்டியில்) வைத்திருந்தால் அதில் கேப் சிமுலேஷனை (ஆம்ப் ஸ்பீக்கரைப் போல வடிகட்டும் வசதி) ஆன் செய்யுங்கள். வீட்டில் ஆம்பில் செருகும்போது அதை ஆஃப் செய்திருப்பீர்கள், மேடையில் மறந்துவிடுவீர்கள். பெரும்பாலான கருவிகளில் 'ஆம்ப்', 'லைன்' என்று அவுட்புட் தேர்வு ஒன்று இருக்கும், மிக்ஸருக்கு 'லைன்'. அதோடு 5,500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஹை கட், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் லோ கட் வையுங்கள். அடியில் கீபோர்டுக்காரரின் இடது கையும் பேஸும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அங்கே கிட்டாருக்கு வேலை இல்லை.

தனிப் பெடல்கள்தான் என்றால் வரிசையின் கடைசியில் ஒரு கேப் சிமுலேட்டர் பெடல் போடுங்கள். மிக்ஸரின் 'ஹை' நாபைத் திருகிச் சரிக்கட்ட முயலாதீர்கள். அது சரிவாகக் குறைக்கும், செங்குத்தாக வெட்டாது. கிட்டார் மழுங்கும், குளவி போகாது. கிராஃபிக் ஈக்யூவில் மேல்பக்கத்தை இறக்கச் சொல்லி செட்காரரிடம் கேட்காதீர்கள். அது மொத்த ஒலிக்கும் சேர்த்து வைத்தது, பாடகரின் குரலும் போய்விடும்.

எல்லாவற்றிலும் நல்ல வழி உங்கள் வீட்டு ஆம்பையே தூக்கிக்கொண்டு போய் மைக் வைப்பது. ஸ்பீக்கரின் நடுக்குமிழ் முடிந்து காகிதக் கூம்பு தொடங்கும் விளிம்புக்கு நேராக, ஆம்பின் முன்துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, எஸ்எம் 57 வகை மைக். குமிழின் நடுவுக்கு நேரே வைத்தால் கீச்சிடும், ஓரத்துக்குப் போனால் மந்தமாகும். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே ஒலி மாறுவதை ஹெட்ஃபோனில் கேட்கலாம்.

மிக்ஸர் மண்டபத்தின் பின்பக்கம் இருந்தால் அதுவரை கிட்டார் கேபிளை இழுக்காதீர்கள். சாதாரணக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கப்பாசிட்டன்ஸ் (மேல் அலைவரிசையை விழுங்கும் தன்மை). 20 மீட்டர் இழுத்தால் டிரெபிள் செத்துவிடும், இரைச்சலும் ஏறும். மேடையிலேயே டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள்.

கடைசியாக, வீட்டில் மெல்லிய சத்தத்தில் அமைத்த ஒலியை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காது அடியையும் நுனியையும் குறைவாகக் கேட்கும், அதனால் இரண்டையும் ஏற்றி வைத்திருப்பீர்கள். மேடைச் சத்தத்தில் அவை இரண்டும் பெருகி நடு காணாமல் போகும். சவுண்ட் செக்கில் மீண்டும் அமையுங்கள். வீட்டில் வைத்த கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ரிவெர்பை அணைத்துவிடலாம், டேவானே போதுமான ரிவெர்ப் தரும்.

குவீன் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் காசால் வாசிப்பாராமே. அந்தக் காசுக்கு எங்கே போவது? (ஈப்போ)

2012-க்கு முன் புழங்கிய நம் பழைய பத்துக் காசைத் தேடுங்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே அகலம், சுமார் 19 மில்லிமீட்டர், விளிம்பில் அதே வரிப்பல். அந்தப் பல் ஸ்ட்ரிங்கில் உரசும்போது எழும் சின்னக் 'கிர்' ஒலிதான் உங்களுக்கு வேண்டியது. விளிம்பைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். ஸ்ட்ரிங் சீக்கிரம் தேயும், அடிக்கடி மாற்றுங்கள்.

ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் போல் 13 செட் போட்டேன். நெக் வளைந்து, ஸ்ட்ரிங் உயர்ந்து, விரல் புண்ணாகிவிட்டது. அவர் எப்படி வாசித்தார்? (கமுனிங்)

அவர் அரை ஸ்டெப் இறக்கி, ஈ ஃபிளாட்டில் வாசித்தார். நீங்கள் இயல்புச் சுதியில் வைத்திருக்கிறீர்கள். சாதாரண 10 செட் நெக்கை இழுப்பது 45 கிலோவைச் சற்றுத் தாண்டும், 13 செட் 60-ஐத் தாண்டும். முதலில் 11 செட்டுக்கு வந்து ஈ ஃபிளாட்டில் வையுங்கள். பிறகு ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையே பாருங்கள். முகவரி அட்டை ஒன்று நுழையும் இடைவெளி போதும். அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் (நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் திருகி ஒரு நாள் விடுங்கள். நம் ஈரக்காற்றில் மரம் மெதுவாகத்தான் அசையும். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருகினால் ராட் முறியும்.

ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் ஊன்றும் துண்டு) பள்ளத்தில் ஸ்ட்ரிங் சிக்குகிறது. கனமான செட்டுக்கு அந்தப் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும்.

சவுண்டுக்கு, டியூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடலில் டிரைவ் 2, லெவல் 8. பலரும் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள். ஒலி உடைவது ஆம்பில் நடக்க வேண்டும், பெடல் அதைத் தள்ளிவிட்டால் போதும். கெயினைக் குறையுங்கள்.

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் இல்லாமல் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் டோன் வருமா? (சாலாக்)

வரும். அவர் பல வருடங்கள் வாசித்த லேப் சீரிஸ் எல் 5 ஆம்பில் வால்வே கிடையாது. உங்களுக்கு இல்லாதது அந்த இடது கை அசைவு. ஆள்காட்டி விரலை ஸ்ட்ரிங்கில் ஊன்றி, கட்டைவிரலை நெக்கிலிருந்து விட்டு, மணிக்கட்டால் ஆட்டுங்கள். தினமும் பத்து நிமிடம்.

பண்டல் (பழைய பொருள்) கடையில் ஜப்பான் வால்வ் ஆம்ப் மலிவாகக் கிடைத்தது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? (லிந்தாங்)

போதாது. தயவுசெய்து செருகிவிடாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230 முதல் 240. செருகிய கணமே ஃப்யூஸ் போகும். யாராவது முன்பே ஃப்யூஸுக்குப் பதில் கம்பி கட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். 240-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். கம்பிச் சுருள் உள்ள, தூக்கினால் கனக்கும் வகை. பயணிகளுக்கு விற்கும் இலகுவான கன்வெர்ட்டர் ஆம்புக்கு ஆகாது. ஆம்பின் முதுகில் எழுதியிருக்கும் மின் உபயோகத்தைப் பாருங்கள். 15 வாட் ஆம்ப் என்றாலும் 60, 80 வாட் இழுக்கும். அதைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஜப்பான் பிளக் இரண்டு முனை என்றால் எர்த் இல்லை. ஒரு கை ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும். வால்வ் ஆம்ப் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று கம்பிக் கேபிளும் எர்த்தும் போடச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். அணைத்து வைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் முந்நூறு நானூறு வோல்ட் தங்கியிருக்கும்.

மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிடுங்கள்.