இமைக்குள் வைக்கும் மருந்துத் தகடுகளைக் கிருமியழித்தல்: மலையக வாசகர் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளரின் பதில்கள்

அட்டன், தோட்ட வைத்திய உதவியாளர்: ஐயா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குச்சி பட்டுக் கண் புண்ணாகி வருபவர்களுக்கு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடச் சொல்கிறார்கள். மலையில் வேலை செய்பவருக்கு இது இயலாத காரியம். இமைக்குள் வைக்கும் மருந்துத் தகடு இதற்கு உதவாதா?

பதில்: அத்தகைய தகடுகள் உருவானதன் நோக்கமே அதுதான். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலீற்றர் வரை இருக்க, கண்ணில் வழக்கமாக உள்ள கண்ணீரோ 10 மைக்ரோலீற்றரைத் தாண்டுவதில்லை. ஆகவே மருந்தின் பெரும்பகுதி கன்னத்திலும் தொண்டையிலும் வழிந்துவிட, 5 வீதத்துக்கும் குறைவானதே கண்ணுக்குள் சேருகிறது. கீழிமைக்குள் வைக்கும் தகடு மணிக்கணக்கில் மெல்லக் கரைந்து மருந்தை விடும். ஆயினும் தொற்றுக்கான தகடுகள் பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளன. செடிக் காயத்தால் பூஞ்சை பற்றியிருந்தால் வைத்தியர் சொன்ன நற்றமைசின் சொட்டை நேரம் தவறாமல் விட வேண்டும். புண் ஆறும்வரை அவரை மலைக்கு அனுப்பவே கூடாது.

பேராதனை, மருந்தாக்கவியல் மாணவி: ஹைட்ரொக்சிபுரோப்பைல் மெதைல்செலுலோசு என்ற செலுலோசு வகைப் பொருளில் தகடு வார்த்திருக்கிறேன். எம்முறையில் கிருமியழிப்பது?

பதில்: அழுத்த நீராவியால் கிருமியழிக்கும் ஒட்டோகிளேவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் நீராவியில் இருந்தால் தகடு நீரை உறிஞ்சி உப்பிக் குழைந்துவிடும். 160 பாகை உலர்வெப்பத்தில் இரண்டு மணி நேரத்தைப் பல நுண்ணுயிர்க்கொல்லிகள் தாங்கா. எதிலீன் ஒக்சைட்டு வாயு குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும்; ஆனால் அந்த நச்சுவாயுவின் எச்சம் தகட்டினுள் தங்கக்கூடும் என்பதால் கண்ணுக்குரிய பொருளுக்கு அதை நான் விரும்புவதில்லை. எஞ்சுவது காமா கதிர். பியகமவில் அணுசக்திச் சபையின் நிலையம் இருக்கிறது; கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளே அங்கே காமா கதிரைத் தருகிறது. இறுதிப் பொதியில் மூடியபடியே 25 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிரின் அலகு) கொடுப்பது வழக்கமான அளவு.

ஆனால் கதிர் செலுலோசுச் சங்கிலிகளையும் அறுக்கும். அறுந்த தகடு வேகமாகக் கரைந்து, ஆறு மணி நேரத்துக்குரிய மருந்தை இரண்டு மணி நேரத்திலேயே கொட்டிவிடலாம். கதிர் பட்டு நீரிலிருந்து பிறந்து மருந்தைத் தாக்கும் தனிமூலிகங்கள் உலர்பொருளில் குறைவு என்பது சொட்டு மருந்துக்கு இல்லாத அனுகூலம். ஆகவே நன்றாக உலர்த்தி, நைதரசனில் மூடுங்கள். தயாரிப்பின்போதே கிருமிச்சுமையை, அதாவது தகட்டிலுள்ள கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைத்து அதை அளந்து காட்டினால், கதிரால் கிருமியழித்தலுக்கான ஐஎஸ்ஓ 11137 என்ற சர்வதேச நியமத்தின்படி 15 கிலோகிரேயே போதும் என நிறுவவும் வழியுண்டு. கதிருக்கு முன்னும் பின்னும் மருந்தின் அளவு, உப்பும் தன்மை, வெளிவிடும் வேகம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். கிருமியின்மைச் சோதனைக்கு 14 நாள் அடைகாக்க வேண்டும், அவசரப்படாதீர்கள்.

நுவரெலியா, தாதிய உத்தியோகத்தர்: தகட்டை வைக்கும் சாமணத்தை ஒட்டோகிளேவில் இடுகிறோம். முள் 15 இறாத்தல் காட்டியும் வெப்பம் 118 பாகையைத் தாண்டவில்லை. இயந்திரம் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலதிகமான அழுத்தத்தை மட்டுமே. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தமே சதுர அங்குலத்துக்கு மூன்று இறாத்தல் வரை குறைவு. ஆகையால் 121 பாகைக்கு முள் 18ஐத் தொட வேண்டும். அவ்வளவுக்கு இயந்திரம் அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியதா என்பதையும் கவனியுங்கள். எப்போதும் வெப்பமானியையே நம்புங்கள். அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிப்பதால், சாமணத்தைக் கொதிக்க வைப்பதைக் கிருமியழிப்பாகக் கொள்ள முடியாது.

பண்டாரவளை, ஆய்வுகூட உதவியாளர்: புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. அது மேற்பரப்பைத்தான் தொடும். தகட்டின் உட்பகுதியை எட்டாது.

பதுளை, மருந்தகப் பணியாளர்: பொதியின் ஓரம் சற்றுக் கிழிந்திருக்கிறது, ஆனால் கதிர் பட்டால் சிவப்பாக மாறும் காட்டிப் புள்ளி சிவப்பாகவே உள்ளது. பாவிக்கலாமா?

பதில்: கூடாது. அப்பொதி கதிரின் முன் வைக்கப்பட்டது என்பதை மட்டுமே அந்தப் புள்ளி சொல்லும். கிழிந்த பிறகு உள்ளே என்ன புகுந்தது என்பதை அது அறியாது. ஒருமுறைப் பாவனைக்கான தகடுகளில் கிருமித்தடுப்பானும் சேர்ப்பதில்லை என்பதால், அதைக் கழித்துவிட்டுத் தொகுதி இலக்கத்தைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.